நல்லியக்கோடன் என்றொரு பெயர்

(திண்டிவனத்தில் நடைபெற்ற பெயர்சூட்டு விழாவொன்றில் ஆற்றிய உரை)



இக் குழவிக்குப் பெற்றோர் தெரிந்தெடுத்த பெயர் நல்லியக்கோடன். 'இஃதென்ன புதுப்பெயர்?' என வினவினர் சிலர். புதுப்பெயரன்று, வழக்கொழிந்த நம் பழம்பெயர்! இத் திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கிலே அவன் ஊர். ஓய்மானாட்டை ஆண்ட அவனை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில், சிறுபாணாற்றுப்படையில் பாடினார். வள்ளல்கள் எழுவர் தாங்கிய ஈகைச் சுமையைத் தனியொருவனாய்த் தாங்கியவன் என அந்நூல் அவனைப் போற்றுகிறது. கீரங்கண்ணனார், பெருங்கொற்றனார், நக்கண்ணனார் என்னும் கழகப் புலவர்களும் கிடங்கில் ஊரினரே.

இத்தகு பெயர்கள் நம் காலடி மண்ணிலேயே கிடக்க, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் மக்கள் எண்கணியம் பார்ப்பாரிடம் ஓடுகின்றனர். ஷ, ஸ, ஹ ஒலிக்கும் பொருளறியாப் பெயர்களைக் காசு கொடுத்து வாங்கி வருகின்றனர்! இவ் வூர்ப்பெயரின் கதையும் அதுதானே? புளியங்காடு திந்திரிணிவனமாகி, அதுவே திண்டிவனமாயிற்று என்பர். ஊர் இழந்ததைப் பிள்ளையும் இழக்க வேண்டுமா?

'பெயர் நீளம்' என்பார்க்குச் சொல்வேன்: எட்டே எழுத்து! வீட்டில் 'நல்லியா' என்றழையுங்கள். பள்ளிப் பதிவேட்டில் முழுப்பெயரையும் எழுதுங்கள். வேதாசலம் என்றிருந்த பெருமகனார், 1916-இல் தனித்தமிழ் உணர்வு மேலிட்டு மறைமலையடிகள் ஆனார். நாற்பதாம் அகவையில் அவர் தேடிக்கொண்ட தமிழ்ப்பெயர் இக் குழவிக்குத் தொட்டிலிலேயே வாய்த்தது. இப் பேறு நும் பிள்ளைகட்கும் வாய்க்கட்டும்!

வாழ்க நல்லியக்கோடன்! வெல்க தமிழ்!