முகப்பு விளக்கும் எதிரே வருபவரும்

சென்னையை அடுத்த திருவொற்றியூரில் செய்யப்பட்ட பழைய புல்லட் ஒன்று எங்களோடு தில்லிக்குக் குடிவந்தது. அதன் முகப்பு விளக்கு மங்கிப்போகவே, கரோல்பாக் கடையொன்றில் அயல்நாட்டு எல்.இ.டி. விளக்கு வாங்கினோம். பழைய கூட்டில் அது அமரவில்லை. பின்புறத்து வெப்பத் தகடுகள் இடித்தன. ஆகவே முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள் இரண்டிலும் ரப்பர் சுற்றி, இரும்புப் பட்டைகளை முடுக்கி, விளக்கைச் சற்று முன்தள்ளிப் பொருத்தினோம். ரப்பர் இல்லாவிடில் புல்லட்டின் அதிர்வு எந்த மரையையும் தளர்த்திவிடும். ஹாண்டிலை இருபுறமும் முழுதும் திருப்பிப் பார்த்து, இழுபடாத அளவுக்கு மின்கம்பி விட்டோம்.

வேலை முடிந்ததென்றே எண்ணினோம். அன்றிரவு எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர், கண்ணைக் கையால் மறைத்தபடி சாலையோரம் சரிந்து விழுந்தார். நல்லவேளை, காயமில்லை.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி விளக்கைச் சரிபார்த்தது எங்கள் முதற்பிழை. இருவர் ஏறியதும் பின்புறம் தாழ, ஒளி மேலெழுந்துவிட்டது. மற்றது பெரும்பிழை. சாலையின் வலப்புறம் செல்லும் நாடுகளுக்கென அமைந்த விளக்கு, தாழ்ந்த ஒளியிலும் வலப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வீசும். அங்கே அது சாலையோரம். இடப்புறம் செல்லும் நம் நாட்டிலோ எதிரே வருபவரின் கண். அதைக் கீழே சாய்த்தால் நமக்கே வழி தெரியாது.

மறுநாளே அதைக் கழற்றி, இந்நாட்டுச் சாலைக்குரிய விளக்கை அதே பட்டைகளில் மாட்டினோம். சுவருக்கு 25 அடி தொலைவில், இருவர் அமர்ந்தபடியே, ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் நடுவுயரத்துக்குக் கீழே விழுமாறு திருப்பி முடுக்கினோம்.