விருந்தாளியும் பகைவனும் ஒரே வேரில்
(நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சிற்றுரை)



விருந்தாளியை ஆங்கிலத்தில் 'கெஸ்ட்' என்கிறார்கள். ஜெர்மனில் 'காஸ்ட்', ரஷ்ய மொழியில் 'கோஸ்த்'. மூன்றும் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள். அந்தத் தாய்ச்சொல் 'கோஸ்திஸ்' என்று இருந்திருக்க வேண்டும் என்பது மொழியறிஞர்களின் கணிப்பு. ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் மூலமான, எழுத்தில்லாக் காலத்து மொழி அது.

அதே சொல் லத்தீனில் 'ஹோஸ்டிஸ்' ஆயிற்று. முதலில் அதற்கு 'அந்நியன்' என்றுதான் பொருள். போகப்போக 'பகைவன்' என்றாகிவிட்டது. ஆங்கிலத்தின் 'ஹோஸ்டைல்' அதன் வழி வந்ததே.

அந்த வேரிலேயே கிளைத்த இன்னொரு லத்தீன் சொல் 'ஹோஸ்பெஸ்'. வீடு தேடி வந்தவர், வரவேற்றவர் இருவருக்கும் அது ஒரே சொல். நாம் தினமும் சொல்லும் ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் எல்லாம் அதன் வாரிசுகள். பிரெஞ்சின் 'ஓட்', இத்தாலியின் 'ஓஸ்பிதே' ஆகியவை இன்றும் இருவரையும் குறிக்கின்றன.

காரணம் எளிது. இன்று நான் உங்களுக்குச் சோறிட்டால், நாளை உங்கள் ஊரில் நீங்கள் எனக்கு இடுவீர்கள். இந்தப் பரஸ்பரக் கடமையே வேர்ச்சொல்லின் உட்பொருள்.

நண்பர்களே, நம் வளாகத்திலும் மாதந்தோறும் புதியவர்கள் குடிவருகிறார்கள். லிஃப்டில் பார்த்தால், "ஓனரா, வாடகைக்கா?" என்று விசாரிக்கும் முன் பெயரைக் கேளுங்கள். வீட்டுக்கு அழைத்து ஒரு காபி கொடுங்கள். அந்நியர் விருந்தாளி ஆவதும் பகைவர் ஆவதும் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.