வாடகைக்கு விட்ட வீடு

(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் சங்கத்தின் வீட்டுக் குழு சார்பில் ஆற்றிய உரை)



வீட்டுக் கணக்கைச் சொல்லத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கணக்கு உங்கள் கையிலுள்ள தாளில் இருக்கிறது. அந்தத் தாளில் இல்லாததைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம்.

டிக்கோயாவில் உள்ள அந்தச் சின்ன வீட்டை மூத்த அக்கா ஒருவர் சங்கத்துக்கு எழுதித் தந்தார். தன் பெயரை எங்கும் போடக்கூடாது என்பது அவர் நிபந்தனை. வாடகைக் காசில் தோட்டத்துப் பிள்ளைகள் உயர்தரம் படிக்க வேண்டும் என்பது இன்னொன்று. இன்று நான்கு பிள்ளைகளின் பஸ் காசும் டியூஷன் காசும் அந்த வீட்டிலிருந்துதான் போகிறது.

சாவியை வாங்கிய அன்று எங்களுக்குள் ஒரே சிரிப்பு. எங்களில் பாதிப் பேர் லயத்தில் பிறந்தவர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அதற்கு வாடகையும் இல்லை, உறுதியும் இல்லை. தோட்டத்தில் பேர் இருக்கும் வரை கூரை உண்டு. வாடகைப் பற்றுச்சீட்டு என்றால் என்னவென்றே எங்கள் அம்மாமாருக்குத் தெரியாது. அவர்களுடைய பிள்ளைகள் வீட்டுக்காரிகள் ஆகிவிட்டோம். அந்தப் பழக்கமின்மைதான் எங்களைக் கவிழ்த்தது.

முதலில் வந்தது தெரிந்த குடும்பம். இரண்டு வருடத்துக்கு என்று ஒரு தாளில் நாங்களே எழுதி, முத்திரை ஒட்டி, இரு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். எட்டு மாதம் காசு ஒழுங்காக வந்தது. பிறகு நின்றது. தாளைத் தூக்கிக்கொண்டு சட்டத்தரணியிடம் போனால், அவர் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இந்த மலையில் தேயிலைத் தோட்டம் வருவதற்கு முன்பே எழுதிய சட்டம், எங்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

அந்த வீட்டு ஐயாவுக்கு வேலை போயிருந்தது. அவர்களுடைய மகள் நம் பள்ளியில் ஏழாம் வகுப்பு. தண்ணீர்க் குழாயை மூடினால் தானாகப் போய்விடுவார்கள் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அப்படிச் செய்ய முடியாது. நீதிமன்றத்துக்குப் போகாமல் குடியிருப்பவரைக் கிளப்ப வீட்டுக்காரருக்கு அதிகாரம் இல்லை. அதைவிட, தண்ணீரை மூடுவது என்ற பேச்சைக் கேட்டதும் எங்களில் சிலருக்குத் தோட்டத்து ஞாபகம் வந்துவிட்டது. ஐந்து மாதம் பேசிப் பேசித்தான் போனார்கள். இரண்டு மாத நிலுவையை விட்டுக்கொடுத்தோம். அந்தக் காசு எங்களுடையதல்ல, நான்கு பிள்ளைகளுடையது என்று இன்றைக்கும் குழுவில் கோபமாக இருப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பிழையில்லை. அந்தப் பள்ளத்தை நாங்கள் எங்கள் கைப்பையிலிருந்து நிரப்பினோம். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்ய முடியாது.

இப்போது இரண்டு தாதியர் இருக்கிறார்கள். குத்தகை நொத்தாரிசு எழுதியது. 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, முறையாக எழுதிய குத்தகை முடிந்தும் வெளியேறாதவர்மீது சுருக்கமான நடைமுறையில் வழக்குப் போடலாம். வீடு கொடுத்த அன்று சுவர், கதவு, மின்மானி எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்தோம். அது முன்னையவர்கள் விட்டுப்போன மின்சார பில் கற்றுத் தந்த பாடம்.

செலவைப் பற்றி ஒன்றுதான். கொழும்பில் வீடு வைத்திருப்பவர்கள் வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேசுவார்கள். இங்கே மழைதான் பங்காளி. பீலி, தகரம், பின்பக்க மண்மேடு என்று வருடத்தில் மூன்று மாத வாடகை போய்விடுகிறது. அதற்கு மேல் அட்டன்-டிக்கோயா நகர சபைக்குச் சோலைவரி.

அட்டனில் ஒரு துண்டு காணி வாங்கி வாடகைக்கு விடலாமா என்று லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் கேட்கிறீர்கள். கேட்கிற அக்காமாரில் பலர் இப்போது இலங்கைப் பிரஜைகள் அல்ல. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜையின் பெயருக்கு இங்கே காணி எழுத முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் அந்தத் தடை இல்லை. தம்பி பெயரில் வாங்கிப் போடுகிறேன் என்பவர்களுக்கு நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை, தம்பியைத் தெரிந்தால் மட்டும் சிரிப்போம். நம் மாவட்டம் மண்சரியும் மாவட்டம். காணியைப் பார்க்கும்போது காட்சியைப் பார்க்காமல் மேலே உள்ள சரிவைப் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

மணமான தங்கைமாருக்கு இன்னொரு விஷயம். 1923 இல் வந்த விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டத்தால் நம்மில் பெரும்பாலோர் கணவரின் சம்மதம் இல்லாமலே வீடு வாங்கலாம், விற்கலாம். ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்தவரை மணந்தவர், மணவாழ்வு நீடிக்கும் வரை, தானும் தேசவழமைக்கு உட்பட்டவர். தன் பெயரில் உள்ள வீட்டை விற்கவும் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இந்தச் சட்டம் தெரியாமல் அட்டனில் வீட்டை விற்கப் போய் நொத்தாரிசு மேசையில் விழித்த நம் பிள்ளை ஒருத்தியை எங்களுக்குத் தெரியும்.

கடைசியாக, வீட்டை விற்று வங்கியில் நிலையான வைப்பில் போட்டுவிடலாம் என்ற பிரேரணை உங்கள் முன் இருக்கிறது. தொல்லை இல்லை என்பது உண்மை. 2022 செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி முந்தைய வருடத்தைவிட 70 சதவீதத்துக்குக் கிட்ட ஏறியிருந்தது என்பதும் உண்மை. அந்த வருடம் அக்கா தந்தது காசாக இருந்திருந்தால் நான்கு பிள்ளைகளில் இரண்டு பேரை நிறுத்தியிருப்போம். அதனால் எங்கள் குழு அதற்கு எதிராக வாக்களிக்கும்; தீர்மானிப்பது நீங்கள்.

எப்படித் தீர்மானித்தாலும் வைகாசி மழைக்கு முன் பீலி துப்புரவாக்க வேண்டும். ஏணி எங்களிடம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏறத் தெரிந்தவர்கள் வந்தால் போதும், தேத்தண்ணி நாங்கள் ஊற்றுகிறோம்.