பிரிட்டிஷ் பாடத்திட்டம்: பிள்ளையைச் சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

(விடுமுறையில் ஊர் வந்த வளைகுடாப் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் ஒரு சகோதரர் மகனோடு நம் அலுவலகம் வந்தார். துபாயில் வேலை போய், குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். மகன் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வை நல்ல கிரேடில் முடித்திருந்தான். "ஸ்கூல் முடிச்சிட்டான், காலேஜ்ல சேர்க்க உதவி செய்யுங்க" என்றார். அது நம் பத்தாம் வகுப்புக்குத்தான் சமம் என்று சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. பிளஸ் ஒன் வகுப்போ ஜூனிலேயே தொடங்கிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ஓராண்டு வீணானது.

இதில் நமக்கும் பங்குண்டு. முன்பு அவருடைய பள்ளிக் கட்டணத்துக்குக் கல்வி நிதியிலிருந்து கடன் கொடுத்தது நாம்தான். எந்தப் பாடத்திட்டம், அடுத்து என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கூட்டம்.

அந்தப் பாடத்திட்டத்தை நாம் குறை சொல்லவில்லை. அங்கே ஆசிரியர் பாடத்தை ஒப்பிக்கச் சொல்வதில்லை. ஏன், எப்படி என்று கேட்கிறார். பிள்ளை சொந்த வார்த்தையில் எழுத வேண்டும், அறிவியலில் சோதனை செய்து முடிவைத் தானே சொல்ல வேண்டும். இது நல்ல பயிற்சி. அமீரகத்தில் தனியார் பள்ளிகளில் முஸ்லிம் மாணவர்களுக்கு அரபியும் இஸ்லாமியக் கல்வியும் கட்டாயம். அல்ஹம்துலில்லாஹ், அதுவும் நல்லதே.

ஆனால் கணக்கு வேறு. அங்கே 'இயர் 7' என்றால் நம் ஆறாம் வகுப்பு. 'இயர் 11' முடிவில் வரும் ஐ.ஜி.சி.எஸ்.இ. நம் பத்தாம் வகுப்பு. அதன்பின் இரண்டு ஆண்டு 'ஏ லெவல்' படித்தால்தான் பிளஸ் டூவுக்குச் சமம். பள்ளி ஆண்டு ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தொடங்குகிறது. மே, ஜூனில் எழுதும் தேர்வுக்கு முடிவு ஆகஸ்டில்தான் வரும். ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவர்கள் இந்த இடைவெளியை முன்பே கணக்கிட வேண்டும்.

இன்னொன்று, பாடத் தேர்வு. ஏ லெவலில் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று, நான்கு பாடங்களே படிக்கிறார்கள். மகளை மருத்துவர் ஆக்க ஆசைப்பட்டு, இயற்பியலை விட்டுவிட்டால் நீட் தேர்வுக்கு வழியில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். இந்த முடிவு 'இயர் 9' முடியும்போதே தொடங்குகிறது. அப்போது பிள்ளைக்குப் பதினான்கு வயது. அந்த வயதில் அது தனியாக முடிவெடுக்கலாமா? பள்ளி கூப்பிடும் கூட்டத்துக்கு வாப்பாவும் உம்மாவும் நேரம் ஒதுக்கிப் போக வேண்டும்.

தமிழை மறந்துவிடாதீர்கள். அங்குள்ள பிரிட்டிஷ் பள்ளிகளில் பெரும்பாலும் தமிழ் கிடையாது. பாட்டியின் பேச்சு புரியாத பேரப்பிள்ளைகளை ஒவ்வொரு விடுமுறையிலும் பார்க்கிறோம். தினமும் அரை மணி நேரம் வீட்டில் தமிழ் எழுதவும் படிக்கவும் சொல்லிக் கொடுங்கள்.

கட்டணத்தையும் யோசியுங்கள். ஒருவர் சம்பளத்தில், வேலை நிலையில்லாத ஊரில், கடன் வாங்கிப் பெரிய பள்ளியில் சேர்ப்பது பிள்ளைக்குத்தான் பாரம். அங்கேயே சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் உண்டு, பெரும்பாலும் கட்டணம் குறைவு, ஊர் திரும்பினால் வகுப்பு மாறாது. அதில் சேர்ப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இனி கல்விக் கடன் கேட்பவர்களிடம் மூன்று கேள்வி கேட்போம்: எந்தப் பாடத்திட்டம்? பிள்ளை என்ன படிக்க விரும்புகிறது? நடுவில் ஊர் திரும்ப நேர்ந்தால் என்ன வழி? தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பையன் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். அவனுக்கு நேர்ந்தது இன்னொரு பிள்ளைக்கு நேரக் கூடாது.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அவர்களுக்குப் பயனுள்ள கல்வியை அவன் நஸீபாக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.