மூன்று கால் இயந்திரங்களும் மூன்று சிறுவர்களும்

வேற்றுக் கிரகத்தார் பூமியைப் பிடித்துக்கொள்வதாகக் கற்பனை செய்து எழுதப்பட்ட கதைகள் பல உண்டு. 1898-ஆம் ஆண்டில் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய நாவலில், செவ்வாய்க் கிரகத்தார் மூன்று கால் இயந்திரங்களில் ஏறி இங்கிலாந்தைச் சூறையாடுவார்கள். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அவர்களைக் கொன்றுவிடும். இன்று நான் சொல்லப்போகும் கதையிலும் மூன்று கால் இயந்திரங்கள் வருகின்றன. ஆனால் இங்கே மனிதனைக் காப்பவை கிருமிகள் அல்ல. எதிர்த்து நிற்கும் மனிதர்களே. அவர்களில் முன்னிற்பவர்கள் சிறுவர்கள்.

இக்கதையை எழுதியவர் ஜான் கிறிஸ்டோபர். இது அவருடைய புனைபெயர்; இயற்பெயர் சாம் யூட். 1922-இல் இங்கிலாந்தில் பிறந்து, 2012-இல் மறைந்தார். தமிழில் சொல்வதானால், 'வெள்ளை மலைகள்', 'பொன்னும் ஈயமுமான நகரம்' ஆகிய நூல்கள் 1967-இலும், 'நெருப்புக் குளம்' 1968-இலும் வெளிவந்தன. மூன்றும் சேர்ந்தே முழுக் கதை.

கதை தொடங்கும்போது போர் எப்போதோ முடிந்துவிட்டது. மனிதன் தோற்றுப்போனான், தோற்றதையும் மறந்துபோனான். பெரிய நகரங்கள் பாழடைந்து கிடக்கின்றன. தண்டவாளத்தின்மேல் குதிரைகள் வண்டி இழுக்கின்றன. ஒரு கைக்கடிகாரம் ஊரார் வியக்கும் பொருளாகிவிட்டது. யாரும் அழவில்லை, யாரும் எதிர்க்கவுமில்லை. காரணம் என்ன? பிள்ளைக்கு 14 வயது நெருங்கியதும் மூன்று கால் இயந்திரம் ஊருக்கு வரும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், மண்டையோட்டோடு ஓர் உலோகத் தொப்பியைப் பதித்துத் திருப்பி அனுப்பும். அதன்பின் அந்தப் பிள்ளை நன்றாக வேலை செய்வான், நன்றாகச் சாப்பிடுவான். ஆனால் 'நம்மை ஆள்பவர்கள் யார்? ஏன் ஆள்கிறார்கள்?' என்ற கேள்வி மட்டும் அவன் மனத்தில் எழாது.

பெற்றோர்களே, இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த நாள் ஊருக்கு ஒரு விருந்து நாள்! பெற்றவர்களே பிள்ளையை மகிழ்ச்சியோடு அனுப்பிவைக்கிறார்கள். கொடுமை செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் தலையிலும் அதே தொப்பிதான் இருக்கிறது.

வில் பார்க்கர் என்பவன் 13 வயதுச் சிறுவன். அவனுக்கு நெருங்கிய தோழன் ஜேக், மாமன் மகன் போன்ற உறவினன். நேற்றுவரை தன்னோடு சேர்ந்து ஐயங்களைப் பேசியவன், தொப்பி பதித்துத் திரும்பியதும் வேறு ஆளாகிவிட்டான். அதைப் பார்த்த வில் நடுங்கிப்போகிறான். தொப்பி இல்லாத மனிதர்கள் வெள்ளை மலைகளில், அதாவது சுவிட்சர்லாந்து நாட்டுப் பனிமலைகளில், வாழ்கிறார்கள் என்று அறிந்து வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். ஹென்றி என்ற உறவுக்காரப் பையனும் கூடவே வருகிறான். இருவருக்கும் ஒத்துப்போகாது; ஆனாலும் பிரியாமல் நடக்கிறார்கள். கடல் கடந்து பிரான்சில் இறங்கியதும் மூன்றாமவன் ஒருவன் சேர்கிறான். கம்பு போல நெட்டையான, மெலிந்த பையன். கண்பார்வை குறைந்த அவன், கற்றுத் தர யாருமில்லாத அந்த உலகத்தில், கண்ணாடி வில்லைகளைச் சேர்த்துத் தானே மூக்குக் கண்ணாடி செய்துகொண்டவன். படை இல்லை, பணம் இல்லை. எதையும் 'ஏன்?' என்று கேட்கும் மனம் ஒன்றே இம்மூவரின் கைமுதல்.

பின்னர் வில்லும், ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் பையனும் போலித் தொப்பி அணிந்து, ஆண்டைகளின் நகரத்துக்குள் அடிமைகளாக நுழைகிறார்கள். பொன்னிறச் சுவர்கள் சூழ்ந்த நகரம் அது. உள்ளேயோ உடம்பு ஈயம்போல் கனக்கும். காற்று மனிதனுக்கு நஞ்சு. அங்கே வேலை செய்யத் தேர்ந்தெடுக்கப்படுவதைப் பெரும் பேறாகக் கருதி வந்த இளைஞர்கள், உடல் தேய்ந்து மடிகிறார்கள். ஆண்டைகள் பூமியின் காற்றையே தங்களுக்கு ஏற்றபடி மாற்றப்போகிறார்கள் என்ற உண்மையை வில் அங்கேதான் அறிகிறான்.

அவர்களை வெல்லும் வழி எப்படிக் கிடைத்தது தெரியுமா? சாராயத்தால்! பிடிபட்ட ஆண்டை ஒருவனின் உணவில் மது கலந்ததும் அவன் உணர்விழந்து சாய்கிறான். அறிவில் மனிதனை மிஞ்சிய ஓர் இனம் அதனால் விழுகிறது. நம் வீடுகளில் அது யாரை விழச் செய்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது நகரத்தைத் தகர்க்க, பலூனில் சென்ற ஹென்றி, உருண்டு விழ இருந்த குண்டைத் தானே பிடித்துக்கொண்டு உயிரைக் கொடுக்கிறான்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் அது வெறும் வீரக் கதை. ஆசிரியர் அப்படி முடிக்கவில்லை. தொப்பி போட்ட உலகத்தில் போர் இல்லை. தொப்பி கழன்றதும் நாடுகள் மாநாடு கூட்டுகின்றன; கூடிய இடத்திலேயே சண்டையும் பிறக்கிறது. அப்படியானால் தொப்பியே மேலல்லவா என்று கேட்கத் தோன்றும். வில்லும் நண்பர்களும் அப்படிச் சொல்லவில்லை. தத்தம் ஆசைகளை ஒதுக்கிவிட்டு, மக்களை ஒன்றுசேர்க்கும் வேலைக்கே தங்களை ஒப்படைக்கத் துணிகிறார்கள். கேள்வி கேட்க முடியாத அமைதி, தொழுவத்து மாட்டின் அமைதி. மனிதனுக்குரிய அமைதியை மனிதனே உழைத்துத்தான் ஆக்க வேண்டும்.

இந்த உலகம் முதலில் எப்படி வீழ்ந்தது என்பதை 1988-இல் வந்த முன்கதை நூல் சொல்கிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துப் பார்த்தே மக்கள் மனம் மயங்கி, பகைவனுக்கு ஆளாகிப்போனார்களாம்.

நேயர்களே, நம் பிள்ளைகளைத் தூக்கிப்போக எந்த இயந்திரமும் வரப்போவதில்லை. ஆனால் "அமிலம் ஊற்றினால் ரப்பர் பால் ஏன் உறைகிறது?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, "வாயை மூடு, உனக்கெதற்கு அது" என்று சொன்னால், அந்தத் தொப்பியை நாமே அன்போடு பதிக்கத் தொடங்கிவிட்டோம் என்று பொருள். விடை தெரியாவிட்டால் தாழ்வில்லை. "எனக்குத் தெரியவில்லை அப்பா, நாளை ஆசிரியரிடம் கேட்டு வந்து எனக்கும் சொல்" என்று சொல்லுங்கள். பிள்ளை கேட்டு வரும், நீங்களும் தெரிந்துகொள்வீர்கள்.