கடித்தது சிலந்திதானா?

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)

இன்று பேச வேண்டியவர் பேரனைப் பார்க்கப் பெங்களூர் போய்விட்டதால் செயலாளர் என்னைப் பிடித்துவிட்டார். நான் டாக்டர் இல்லை. விலங்கியலில் பி.எஸ்ஸி.; அதன்பின் 34 வருஷம் மத்திய சர்க்கார் ஃபைல்கள். பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு கிருஹஸ்தன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1987-ல் ஜபல்பூரில் இருந்தோம். நவராத்திரிக்கு முதல் நாள், கொலுப் பெட்டியை இறக்க என் மனைவி ஸ்டூலில் ஏறிப் பரணுக்குள் கையை விட்டாள். 'ஸ்' என்று கையை இழுத்துக்கொண்டாள். அதே சமயம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி சுவரில் ஓடிற்று. குற்றவாளி கண்ணெதிரே ஓடும்போது விசாரணை எதற்கு? துடைப்பத்தால் அடித்தேன்.

பத்து நிமிஷத்தில் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிற்று. என் தாயார் வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொன்னாள். நான் ஓர் அவில் மாத்திரையைக் கொடுத்து, "சித்த நேரம் படுத்துக்கோ, சரியாயிடும்" என்றேன். உதடு வீங்கிற்று. "ஏன்னா, நாக்கு கனக்கறது, கண்ணை இருட்டறது" என்றாள். குரலே மாறியிருந்தது. மாத்திரை வேலை செய்ய அரை மணியாவது ஆகுமே என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விஞ்ஞானம் படித்தவன்! பக்கத்து வீட்டு ராணுவக்காரர்தான் என்னைக் கேட்காமலே ஜீப்பை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் நாடி பிடிபடவில்லை. டாக்டர் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார். சில நிமிஷங்களில் கண்ணைத் திறந்தாள். "மூச்சு முட்டுகிறவருக்கு மாத்திரையா கொடுப்பார்கள்? இன்னும் கால் மணி தாமதித்திருந்தால்..." என்று அவர் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் பெட்டியை ஜாக்கிரதையாக இறக்கினால், செட்டியார் பொம்மைக்குப் பின்னால் குளவிக்கூடு! சிலந்தி அங்கே குடியிருந்தது, அவ்வளவுதான்.

ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு. ஆனால் பெரும்பாலானவை கடித்தால் வலி, சிவப்பு, வீக்கத்தோடு போய்விடும். உடம்பு முழுவதும் அலர்ஜி பரவி உயிருக்கு ஆபத்தாவது சிலந்திக் கடியில் மிக அபூர்வம். தேனீ, குளவி, சிலவகை எறும்புகள் கொட்டினால்தான் அது அதிகம். முதல் கொட்டலில் ஒன்றும் ஆகாமலிருக்கலாம். உடம்பு அந்த விஷத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த தடவை தன்னையே தாக்கிக்கொள்ளும். இரண்டு வருஷம் முன்பு இவளை ஒரு குளவி கொட்டியது பிறகுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. இந்த விபரீதத்துக்கு 1902-ல் 'அனஃபிலாக்ஸிஸ்' என்று பெயர் வைத்த ஷார்ல் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரருக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சிலந்தி சுமக்கும் இன்னொரு பழியும் உண்டு. காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு போட்டாற்போல் எரிச்சல், கொப்புளம். எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துவிட்டது என்போம். வடக்கே மக்டி என்பார்கள். பெரும்பாலும் அது எறும்பு மாதிரி மெலிந்த, கறுப்பும் ஆரஞ்சுமான ஒரு வண்டு. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும். கடிக்காது, கொட்டாது. நாம் தேய்த்து நசுக்கினால் அதன் உடம்பிலுள்ள பெடரின் என்ற ரசாயனம் தோலைப் புண்ணாக்கும். 2022-ல் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரியில் சுமார் நூறு மாணவர்கள் இதனால் அவதிப்பட்டார்கள். ஊதித் தள்ளிவிட்டு சோப்புப் போட்டு அலம்புங்கள்.

எது கடித்தது என்று தேடுவதைவிட, உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். கடித்த இடத்தில் மட்டும் வீக்கமானால் ஐஸ் ஒத்தடம், அரிப்பு மாத்திரை போதும். நாக்கு, தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம், திடீர் வாந்தி இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நம்பி உட்காரக் கூடாது. அட்ரினலின் ஊசிதான் மருந்து. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரலாம், எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசி போட்டுத் தேறினாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம், ஆகவே உடனே டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள்.

நம் வயசுக்காரர்களுக்கு ஒன்று. அடினலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அட்ரினலின் சரியாக எடுபடாமல் போகலாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். பர்ஸில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மயக்கத்தில் யாருக்குப் பெயர் ஞாபகம் வரும்?

மற்ற சந்தேகங்களை முன் வரிசையில் இருக்கும் டாக்டரிடம் கேளுங்கள். செட்டியார் பொம்மையின் மூக்கு உடைந்தது எப்படி என்பதை மட்டும் என்னைக் கேட்கலாம்.