நாடாவும் வினையூக்கியும்



சின்ன காஞ்சிபுரத்தில் தறியறியாதார் இலர். நாடா, பாவினூடே ஓடி ஊடையைப் பிணைக்கின்றது. புடவை முடிந்தபின் அது புடவையில் தங்குவதில்லை. அடுத்த புடவைக்கும் அதே நாடாதான். வேதியலில் வினையூக்கியின் பணியும் இத்தகையதே. பொருள்களை இணைக்கும், தான் விலகி நிற்கும்.

கன்னெய் எனப்படும் பெட்ரோலைத் தூய்விக்கும் ஆலைகளில் அத்தகைய பிணைப்பொன்று நிகழ்கின்றது. ஐசோபியூட்டேன், பியூட்டீன் என்னும் நீர்க்கரிம வளிகளை இணைத்தால், பொறிக்குள் இடிப்பின்றி எரியும் உயர்ந்த நீர்ம எரிபொருள் கிடைக்கும். இதுவே ஆல்க்கைலேற்றம்.

1940களிலிருந்து இதற்குப் பெரிதும் பயன்பட்ட வினையூக்கிகள் இரண்டு: கடுங்கந்தகக் காடி, ஐதரசன் புளூரைடு. முன்னது விரைவில் வலுவிழக்கும். பெருமளவில் மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். பின்னதோ 20 பாகை வெப்பத்திலேயே கொதித்து வளியாகும். தோலை எரிக்கும், நுரையீரலை அழிக்கும் கொடு நஞ்சு. 2019 சூன் 21 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா ஆலையில் தேய்ந்த குழாயொன்று உடைந்து தீப்பற்றியது. 2,300 கிலோவுக்கு மேற்பட்ட அந்நஞ்சு வெளிப்பட்டது. பின்னர் அவ்வாலையே மூடப்பட்டது.

மாற்றாக வந்தது அயனி நீர்மம். கறியுப்பு உருக 801 பாகை வெப்பம் வேண்டும். ஆனால், பருத்து ஒழுங்கற்ற அயனிகளாலான உப்பு, செறிந்து அடுக்கமுற இயலாமல் அறைவெப்பத்திலேயே நீர்மமாய் நிற்கும். பால் வால்டன் 1914இலேயே அத்தகைய உப்பொன்றை அறிவித்தார். இந்நீர்மம் ஆவியாவது மிக மிக அரிது. கசிந்தாலும் நச்சு முகிலாய் ஊருக்குள் புகாது. சீனத்தின் சாண்டோங்கில் 2013இல் இம்முறை தொழிலளவில் இயங்கத் தொடங்கியது. செவ்ரான் நிறுவனம், சால்ட் லேக் நகரத் தன் ஆலையில் ஐதரசன் புளூரைடை விடுத்து 2021இல் இதற்கு மாறியது.

எனினும், ‘பசுமை’ என்னும் பெயர் கேட்டு மயங்குதல் கூடாது. இங்குப் பயன்படும் அலுமினியக் குளோரைடு சார்ந்த நீர்மம் ஈரம்பட்டால் ஐதரோகுளோரிக் காடிப் புகையைக் கக்கும். அதன் கழிவும் கருத்துடன் கையாளப்பட வேண்டியதே. தீங்கு குறைந்தது, தீங்கே அற்றதன்று.

பிலடெல்பியாவாயினும் மணலியாயினும், ஆலைச் சுவரை ஒட்டி வாழ்வோர்க்கு ஓர் உரிமை உண்டு. உள்ளே ஓடும் நாடா எது, அது தெறித்தால் எதுவரை பாயும் என்று தம் தாய்மொழியிலேயே வினவி விடைபெறும் உரிமை அது. வினவத் தெரிந்த மக்களுக்கே அறிவியல் காவலாகும்.